ஆறேக்கர் அகதி

சுப்பாத்தாள் தாயகம் திரும்பியவள் என்று அவளுடைய அட்டையில் அச்சடித்திருந்தது. திரும்புவதற்கு முதலில் ஒருதரம் புறப்பட்டிருக்க வேண்டும் என்பதை அச்சடித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அவள் பிறந்தது இலங்கையில், அட்டனுக்கு மேலே, மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து போகிற ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில். வளர்ந்தது, சமைந்தது, கட்டிக்கொண்டது, தாலியறுத்தது எல்லாம் அதே லயத்தின் ஏழாம் நம்பர் அறையில்தான். நாற்பத்தாறு வயதுவரை அவள் கண்ட பெரிய சமுத்திரம், மழைக்காலத்தில் ஃபாக்டரிக்குக் கீழே பெருகி ஓடும் ஓடை.

இரண்டு நாட்டுப் பெரியவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். சுப்பாத்தாள் இந்தியாவின் பங்கில் விழுந்தாள். கண்டியில் கொடுத்த விண்ணப்பத்தில் ‘இந்தியாவில் சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே அங்கேதான் தெரிந்தது. முன்னால் நின்றவன் துறையூர் என்று எழுத, பின்னால் நின்றவனும் துறையூர் என்று எழுத, அந்த ஒரு காலையில் துறையூரின் ஜனத்தொகை நாற்பது கூடியது. சுப்பாத்தாள் மட்டும் யோக்கியமாக, தாத்தா சாகும்போது சொன்ன பெயரை எழுதினாள்: கொல்லங்கோடு. யோக்கியத்துக்கு உண்டான தண்டனை மண்டபம் முகாமிலேயே தொடங்கிவிட்டது.

“கொல்லங்கோடு கேரளா ஆச்சேம்மா. நீங்க தமிழ்ல பேசறீங்க?” என்றார் முகாம் குமாஸ்தா.

“அங்கயும் தமிழ்தான் பேசுவாங்கன்னு தாத்தா சொன்னாருங்க.”

“அவரு போகும்போது அது மெட்ராஸ் மாகாணம். இப்ப இல்ல.”

தாத்தா திருட்டுத்தனமாக ஊரை நகர்த்தி வைத்துவிட்டுக் கப்பல் ஏறியதுபோலச் சொன்னார். தமிழ்நாட்டுக் கணக்கில் அவள் கேரளத்துக்காரி. கேரளத்துக் கணக்கில் அவளுக்கு இன்னும் பக்கமே திறக்கவில்லை. கடைசியில் ரயில் டிக்கெட்டைக் கையில் கொடுத்து, சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அனுப்பிவைத்தார்கள். கூட ஒரு தகரப் பெட்டி; பதினெட்டு வயது மகள் ரோசி. தோட்டத்து நர்ஸம்மா மேல் இருந்த மரியாதையில் வைத்த பெயர் அது.

சொந்தக்காரர் என்றால் செங்கோட்டையன். சுப்பாத்தாளின் தாத்தாவும் செங்கோட்டையனின் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே நாலு மைலில், கரிசல் பூமியும் வாய்க்கால் வயலுமாகப் பண்ணையம். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்து நின்ற இருவரையும் அவர் மேலும் கீழும் பார்த்தார்.

“சிலோனுக்குப் போன பெரிய தாத்தன்னு ஒருத்தரு இருந்ததா எங்கய்யன் சொன்னதே இல்லீங்களே” என்றார். முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கிற ‘ங்க’ அது. அதில் மரியாதையைவிடத் தூரம்தான் அதிகம்.

“பேரப் பாருங்க. சுப்பாத்தா. எங்க தோட்டத்துல முந்நூறு பொம்பளைங்கள்ல இந்தப் பேரு எனக்கு மட்டுந்தான். இது ஒங்க வீட்டுப் பேருன்னு தாத்தா சொல்லித்தான் வெச்சாரு.”

அது உண்மைதான், செங்கோட்டையனின் அத்தைக்கும் அதே பெயர். அதனால்தான் அவர் வாசற்படியை விட்டு நகரவில்லை. அவர் மனைவி நாச்சம்மாள் சொம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டே, “பொண்ணு பேரு என்னங்க?” என்றாள்.

“ரோசி.”

“சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பேராட்ட இருக்குது!” என்று நாச்சம்மாள் சொம்பைப் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டாள். பிறகு மனசு கேட்காமல், “நாங்க ரோசாத்தான்னு கூப்பிட்டுக்கறோம்” என்று தண்ணீரைக் கொடுத்தாள்.

இருவருக்கும் மாட்டுக் கொட்டாயின் ஓரம் கிடைத்தது. மாடுகளுக்கு ஆட்சேபணை இல்லை. மறுநாளே மிளகாய் பறிக்க இறங்கினார்கள். இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த கை சுப்பாத்தாளுடையது. கண் எங்கே பார்த்தாலும் கை தன்பாட்டில் பறிக்கும். பறித்ததைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசும், முதுகில் கூடை இருக்கிற தைரியத்தில். முதுகில்தான் கூடை இல்லை. முதல் வரிசையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வழி நெடுகச் சேற்றில் சிவப்பாக மிளகாய். பண்ணையத்து மேற்பார்வை பொங்கியண்ணன் வரப்பில் நின்று வாயைப் பிளந்தார்.

“ஏனுங்க, நேர்த்திக்கடனுங்களா? மண்ணுக்குப் படைக்கறீங்க?”

பக்கத்து வரிசைப் பெண்கள் சிரித்துச் சிரித்துக் குந்திவிட்டார்கள். சுப்பாத்தாளும் சிரித்துவைத்தாள். ஆனால் இந்த ஊர் வெயிலும், குனிந்தே செய்கிற வேலையும் தனக்கு ஒத்துவராது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது நிமிர்ந்து நின்று செய்கிற வேலை, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. இரண்டும் இருக்கிற இடம் மலை மட்டும்தான்.

அந்த மலையிலிருந்தே தை மாசம் கடிதம் வந்தது. எழுதியவள் இன்பமேரி. ஒரே கப்பலில் வந்தவள். அவளுடைய அக்காள் புருஷன் வேதமுத்து மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆள் மேய்க்கிற கங்காணி.

‘சுப்பாத்தாக்கா, இங்க நம்மள மாதிரி வந்தவுகளுக்குப் பத்து பேருக்கு நிரந்தர வேல குடுக்காக. லயத்துல ரூமும் உண்டு. மச்சான் ஒம் பேரச் சொல்லி வச்சிருக்காக. அட்டையோட, சொந்த நெலமோ வீடோ கெடையாதுன்னு வில்லேஜ் ஆபீசரு சர்ட்டிபிகேட்டு ஒண்ணு வேணும். சித்திர முடியுறதுக்குள்ள வந்துரு. இங்க குளுரு நம்ம ஊரு குளுரு மாதிரியே இருக்குக்கா.’

கடைசி வரியை ரோசி இரண்டு தரம் படித்தாள்.

நிலமில்லை என்று சர்ட்டிபிகேட் வாங்குவதில் சுப்பாத்தாளுக்கு எந்தச் சிரமமும் தெரியவில்லை. உலகத்திலேயே அவளிடம் உறுதியாக இல்லாத பொருள் அதுதான். வில்லேஜ் ஆபீசரும் நல்ல மாதிரிதான். யார் வீட்டில் குடியிருக்கிறாளோ அவர், இவளை எனக்குத் தெரியும் என்று ஓர் ஒப்பு, ஒரு கையெழுத்து, வைத்தால் போதும் என்றார். செங்கோட்டையன் மட்டும் ஒப்பு வைக்கவில்லை. இன்றைக்குச் சந்தை, நாளைக்கு அமாவாசை, அப்புறம் பேனாவில் மை இல்லை. உண்மைக் காரணத்தை ஒருநாள் நாச்சம்மாளிடம் அவர் சொன்னது கொட்டாய்வரை கேட்டது:

“இன்னைக்குத் தெரியும்னு எழுதிக் குடுத்தா, நாளைக்குச் சொந்தம்பா. நாளான்னிக்குப் பங்கும்பா. எனக்கென்ன பைத்தியமா?”

“அவ போறேன்னுதானுங்க கேக்கறா.”

“போறேன்னு சொல்றவதான் போகமாட்டா.”

மாசி மாசம் செங்கோட்டையனுக்கு நோட்டீஸ் வந்தது. ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கேரளத்தில் சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சட்டத்தைப் பற்றி அவருக்கு மேலான அபிப்பிராயமே இருந்தது, அடுத்தவர் நிலத்தை அளக்கிறவரை. இப்போது லேண்ட் போர்டு அவருடையதை அளந்துவிட்டது. வரம்புக்கு மேல் ஆறு ஏக்கர். கிழக்கே, கிணறும் மோட்டார் ரூமுமாக. பதில் சொல்லத் தவறினால் அது நிலமில்லாதவர்களுக்குப் போய்விடும்.

பக்கத்துச் சித்தூரில் வக்கீலைப் பார்க்கப் போனவர், வந்ததும் நேராகக் கொட்டாய்க்கு வந்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏனம்மிணி, இங்க எதுக்குப் படுத்திருக்கறே? நம்மூட்ல எடமா இல்ல?”

“நேத்து வரைக்கும் இல்ல மாமா” என்றாள் ரோசி.

அன்று உள்வீட்டில் வாழையிலை போட்டு, அரிசியும் பருப்பும் சோறு, நெய் ஊற்றி. நாச்சம்மாள் முதல் தரமாக ‘ரோசி’ என்றே கூப்பிட்டாள். செங்கோட்டையன் எதிரே உட்கார்ந்து தன் கையாலேயே அப்பளத்தை எடுத்து வைத்தார்.

“உங்க தாத்தனும் எங்க தாத்தனும் ஒரு வயித்துப் பொறப்பு. அவிங்களுக்குள்ள பாகமே பிரிக்கலியே! கெழக்கால இருக்கற ஆறேக்கராவும் உங்க தாத்தன் வழிக்குத்தாஞ் சேரோணும். நான் காவக்காரன். எங்கய்யன் சாகறப்பக்கூட அதயேதான் சொன்னாரு.”

ஐப்பசியில் கேட்டபோது ஒன்றுமே சொல்லாமல் செத்துப்போயிருந்த அந்த அய்யன், இந்த நாலு மாசத்தில் நிறையப் பேசியிருந்தார். பெண் பிள்ளைக்குப் பங்கு உண்டு என்பது அந்தக் குலத்தில் ஏழு தலைமுறையாக யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் தெரிந்தது.

சுப்பாத்தாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “நெலம் எனக்கு வேணாங்க அண்ணா. அந்த ஒப்பு மட்டும் போட்டுக் குடுங்க. நாங்க மலைக்குப் போயிருறோம்.”

“ஆராச்சும் நெலத்த எடுத்துட்டுப் போகச் சொன்னாங்களா? பேரு உன்னுது, பாடு என்னுது. போர்டுல கேட்டா ஆமான்னு சொல்லிப்போடு. மறுநாளே உன்ற சர்ட்டிபிகேட்டுக்கு ஒப்பு வெக்கறேன். அந்தக் கருப்பராயஞ் சாட்சி.”

ரோசி அம்மாவின் காதில், “நெலம் இருக்குன்னு ஒரு எடத்துல, இல்லேன்னு ஒரு எடத்துல. எப்படிம்மா?” என்றாள்.

சுப்பாத்தாளுக்கு அது ஒரு சிக்கலாகவே படவில்லை. ஓர் ஆபீஸ் எழுதுவது இன்னோர் ஆபீஸுக்குத் தெரியாது என்பது அவள் வாழ்க்கை முழுக்கக் கண்ட உண்மை. அவள் புருஷன் செத்து இரண்டு வருஷம்வரை தோட்டத்து அரிசிப் புத்தகத்தில் உயிரோடு இருந்தான். அதே சமயம் கண்டி ஆபீஸில் அவன் பிறக்கவே இல்லை. இந்திய சர்க்காரும் அந்த மாதிரிதான் இருக்கும் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள்.

பங்குனியில் விசாரணை. நாச்சம்மாள் தன் புடவை ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். ஆறேக்கர்க்காரி கந்தலோடு போய் நிற்கக் கூடாதல்லவா. பெயரைக் கூப்பிட்டதும் சுப்பாத்தாள், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது கத்துகிற மாதிரியே, “இருக்கேன் தொரை!” என்று கத்தினாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவை நழுவவிட்டார்.

“நிலம் உங்களுடையதா?”

“ஆமாங்க தொரை.”

“நாலு எல்லை?”

பொங்கியண்ணன் ஒரு வாரம் உருப்போட வைத்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். கிழக்கே ஓடை, மேற்கே செங்கோட்டையன் நிலம், வடக்கே வண்டித்தடம், தெற்கே மாரியம்மன் கோவில் புறம்போக்கு. ஒரு எழுத்து பிசகவில்லை. கையெழுத்தும் போட்டாள். கைரேகைக்கு மைப்பெட்டியை நகர்த்திய குமாஸ்தா அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார். வரும் வழியில் செங்கோட்டையன் அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

சொன்ன சொல் தவறாமல் மறுவாரமே ஒப்பும் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீஸுக்குப் போனால், ஆபீசர் ஒரு பெரிய ரெஜிஸ்டரைத் திருப்பி அவள் முன் வைத்தார்.

“அம்மே, நிங்ஙள்க்கு ஆறேக்கர் ஸ்தலம் உண்டல்லோ. பின்னெ ஞான் எங்ஙனெ இல்லெந்நு எழுதும்?”

மலையாளம் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. முடியாது என்று சொல்கிற அதிகாரியின் முகத்துக்குப் பாஷை வேறுபாடு கிடையாது. சுதந்திரம் வந்ததிலிருந்து ஓர் ஆபீஸின் தகவல் இன்னோர் ஆபீஸுக்கு ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு தரம்தான் இருக்கும். அது சுப்பாத்தாளுக்காக நடந்தது.

“அதுக்கு நான் என்ன பண்றதம்மிணி? சட்டம்” என்றார் செங்கோட்டையன். அதே மூச்சில், “உள்ளூட்ல நெல்லு மூட்டை அடுக்கோணும். ரெண்டு நாளைக்குக் கொட்டாயிலயே படுத்துக்கங்க” என்றார். நாச்சம்மாள் புடவையைத் திரும்பக் கேட்கவில்லை; துவைத்துக் கொடுத்தால் போதும் என்றாள்.

சித்திரை முடிந்து நாலாம் நாள் இன்பமேரியின் கார்டு வந்தது. ‘மச்சான் எம்புட்டோ சொல்லிப் பாத்தாக. கடைசித் தேதிக்குப் பெறகு நிறுத்தி வைக்க முடியாதுன்னுட்டாக. ஒனக்கு வச்சிருந்த ரூம வேற குடும்பத்துக்குக் குடுத்தாச்சு. கோவிச்சுக்கிறாதக்கா.’

ரோசி படித்து முடித்தாள். சுப்பாத்தாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்து முடித்து, கையைக் கழுவி, கார்டை வாங்கித் தகரப் பெட்டியில் வைத்தாள். கடல் தாண்டி வந்ததற்கு அவளுக்கு இருந்த ஒரே நியாயம் அந்த அறை. அது யாரோ ஒருத்தியின் அடுப்புப் புகையில் இந்நேரம் கறுக்கத் தொடங்கியிருக்கும்.

மறுவாழ்வு ஆபீஸ்காரர் ஒருவர் விசாரித்துப் போக வந்ததும் அந்த வாரத்தில்தான். ஆறு ஏக்கர் என்று கேள்விப்பட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறாராம். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு நன்றாக வேர் பிடித்த குடும்பத்தைப் பார்த்ததில்லையாம். மாட்டுச் சாணத்தில் செருப்பு படாமல் ஓரமாக நின்று, நலம் என்று எழுதிக்கொண்டு, வர வேண்டியிருந்த மிச்ச உதவிகளையும் அடித்துவிட்டுப் போனார்.

அவர் போன மூன்றாம் நாள் தபால்காரர் காளிச்சாமி ரிஜிஸ்தர் தபாலோடு வந்தார். செங்கோட்டையன் கையை நீட்டினார்.

“உங்களுக்கில்லீங்க. சுப்பாத்தாள்னு போட்டிருக்குது. அவிங்க கையிலதான் குடுக்கோணும்.”

“என்ற ஊட்டுக்கு வர்றது என்ற தபாலுதானப்பா.”

“ஊடு உங்குளுதுங்க. தபாலு அவிங்குளுதுங்க.”

சுப்பாத்தாள் கையெழுத்திட்டு வாங்கினாள். போர்டின் உத்தரவு. காளிச்சாமி நின்று படித்துச் சொன்னார்: இன்ன சர்வே நம்பர், ஆறு ஏக்கர், கிணறு உட்பட, சுப்பாத்தாளுக்கு உரியது, செங்கோட்டையன் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.

“குடம்மிணி, பொட்டியில பத்திரமா வெச்சுப்போடறேன்” என்றார் செங்கோட்டையன்.

அவர் செய்த பிழை அங்கேதான். வாய்ச்சொல்லில் பண்ணையம் நடத்துகிறவர். அண்ணன் கேட்டால் தங்கை கொடுப்பாள் என்பது அவருடைய சட்டம். எதிரில் நிற்பவளோ, ஒரு கடுதாசிக்காக எட்டு வருஷம் கண்டிக்கும் தோட்டத்துக்கும் நடந்தவள். அசலைக் கைமாற விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்களில் சிலர் இன்னும் எந்த நாட்டுக்காரர் என்று முடிவாகவில்லை.

“நகல் வேணுன்னா எடுத்துக்கங்க அண்ணா” என்றாள்.

“என்ன?”

“அசலு யாருக்கும் குடுக்கறதில்லீங்க.”

உத்தரவை இரவிக்கைக்குள் செருகிக்கொண்டு தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். ரோசி பாயையும் சட்டியையும் எடுத்தாள். நடுப்பகல் வெயிலில், ஊரே பார்க்க, கிழக்கே நடந்தார்கள். மோட்டார் ரூமுக்குப் பூட்டு இல்லை; சங்கிலிதான். பத்தடிக்கு எட்டடி, லயத்து அறையைவிட ஒரு முழம் சின்னது. சுப்பாத்தாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடியும் சாத்திப் பார்த்தாள்.

செங்கோட்டையன் பொங்கியண்ணனையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“வெளிய வாடி! ஆரு நெலத்துல ஆரு குடியிருக்கறது? சோறு போட்ட ஊட்டுக்கே...”

“ஒங்க நெலம்னு போர்டுல வந்து சொல்லுங்க அண்ணா. நான் பெட்டியத் தூக்கிட்டுப் போயிர்றேன்.”

“சிலோன்லருந்து வந்த நாயி!”

“நாயிதாங்க. ஆறு ஏக்கரு நாயி” என்றாள் உள்ளேயிருந்து ரோசி.

பொங்கியண்ணன் மட்டும் சிரிப்பை அடக்க இருமினார். செங்கோட்டையன் அன்றே சித்தூருக்கு ஓடினார். வக்கீல் அவரை உட்காரச் சொல்லி நிதானமாக விளக்கினார். அவளை இறக்கிவிட்டால் நிலம் உங்களுடையது என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. உங்களுடையது என்றால் போர்டு எடுத்துக்கொள்ளும். பொய் சொன்னதற்குத் தனிக் கேஸ். அவளுடையது என்றால் அவள் வைத்துக்கொள்வாள். இரண்டில் எது வேண்டுமோ சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். செங்கோட்டையன் இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஊரில் கேட்டவர்களிடம், “தங்கச்சியாச்சே, விட்டுக் குடுத்தாச்சு” என்றார். கோவில் கமிட்டியில் அதற்காக அவருக்கு ஒரு துண்டுகூடப் போர்த்தினார்கள்.

சுப்பாத்தாளுக்கு அந்த நிலத்தில் எதை எப்போது போடுவது என்று ஒரு மண்ணும் தெரியாது. பொங்கியண்ணன்தான், முதலாளிக்குத் தெரியாமல் வந்து, கடலை போடுங்க என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் செங்கோட்டையனிடம் பழைய வருத்தம் ஏதோ இருந்தது. ஆனியில் விதைத்தார்கள். முளைத்தது. களையும் முளைத்தது. இரண்டு பேரால் ஆகிற வேலையில்லை. ரோசி போய் நாலு பெண்களைக் கூட்டிவந்தாள். மிளகாய்க் காட்டில் குந்திச் சிரித்த அதே பெண்கள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கிணற்று மேட்டில், தலைக்கு முக்காடு போட்டு, இடுப்பில் கை வைத்து, சுப்பாத்தாள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“என்னா இது, மாமியார் வீட்டு விருந்துக்கு வர்ற நேரமா? இதுக்கு அரைப் பேருதான் போடுவேன். அரை நாள் கூலி. விளங்குதா?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கடலைக் காட்டில் இறங்கினார்கள். ரோசி அம்மாவையே பார்த்தாள். இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். விடிந்தும் விடியாமலும் லயத்து வாசலில் நின்று ஒவ்வொரு கதவாகத் தட்டிய கங்காணியின் குரல். முக்காட்டுக்குப் பதில் அதன் தலையில் தொப்பி இருந்தது, அவ்வளவுதான்.

“நீ என்னாடி முழிச்சுக்கிட்டு நிக்கிற? வரிசையப் பிடி” என்றாள் சுப்பாத்தாள்.

ரோசி குனிந்தாள்.